கடைசி வாரத்தில் அ, ஆ

"வருஷக் கடைசியில இவ ஒரு பக்கமாவது படிச்சிடுவாளா டீச்சர்?"

பள்ளி திறந்த முதல் வாரம், இரண்டாம் வகுப்பு வாசலில் நின்று ஒரு தாய் இப்படிக் கேட்டாள். லாண்டரியில் வேலை செய்பவள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அந்த விரல்களிலிருந்து நழுவிக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தாள் மகள்.

கேள்வி கேட்கப்பட்டவள் இரண்டாம் வகுப்பு டீச்சர். வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. எதிரே நிற்பவர் குரலை உயர்த்தினால் தான் சொல்ல வந்ததை விழுங்கிவிடும் சுபாவம். தாயின் குரல் தாழ்ந்தே இருந்ததால் தைரியமாகத் திருப்பிக் கேட்டாள்.

"ஏம்மா அப்படிக் கேக்கறீங்க?"

"இவங்க அத்தைக்குக் கைக்குழந்தை இருக்கு, பாத்துக்க ஆள் இல்ல. இவளை அனுப்பிடுன்னு இவங்க அப்பா ஒத்தக் கால்ல நிக்கறாரு. போன வருஷம் முழுக்க ஸ்கூலுக்குப் போனா, ஒரு எழுத்து தெரியல, அங்க போயாவது உருப்படட்டும்ங்கறாரு. நான்தான் அழுது இந்த ஒரு வருஷத்தை வாங்கியிருக்கேன். கடைசியில அவர் முன்னால ஒரு பக்கம் படிச்சுக் காட்டிட்டா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு. சொன்னா சொன்னதுதான். அந்த விஷயத்துல நல்ல மனுஷன்."

"நான் இப்பவே படிப்பேன்" என்று மகள் குறுக்கே புகுந்தாள். சுவரில் 'குப்பையைத் தொட்டியில் போடவும்' என்று எழுதியிருந்ததை விரலால் தொட்டுத் தொட்டு, "பிள்ளைகளே, யாரும், சத்தம் போடாதீங்க" என்று தடங்கலில்லாமல் வாசித்து முடித்தாள். கேட்பதற்கு முன்பே பதில் சொல்லும் இந்தக் குணத்தால் அவளுக்கு வகுப்பில் முந்திரிக்கொட்டை என்று பெயர்.

டீச்சர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். கடைசியில் ஒரு பக்கம் படிக்க வேண்டும். அதற்கு முன்னால் வாக்கியம் வசப்பட வேண்டும். அதற்கு முன்னால் சொல். அதற்கும் முன்னால் எழுத்து. அப்படியானால் நாளைக் காலையிலேயே எழுத்தைப் பிடித்துவிட வேண்டும்.

"படிக்க வெச்சிடலாம்மா" என்றாள்.

அவள் நின்ற நிலையில் செய்த இந்தக் காரியத்துக்குப் பின்னோக்குத் திட்டமிடல் என்று பெயர் இருப்பதும், அதைச் செய்து முடிக்க ஒரு தனி அலுவலகம் இருப்பதும் மறுநாள்தான் தெரிந்தது. எழுத்தைப் பிடிக்கப்போன காலையில், எல்லா ஆசிரியர்களும் பயிற்சிக்கு வர வேண்டும் என்று சர்க்குலர் வந்தது.

பயிற்சியை நடத்தியவர் வாசிப்பு மேம்பாட்டு அதிகாரி. ஆசிரியர்களுக்குள் அவர் பெயர் பின்னோக்கு சார். முடிவிலிருந்து தொடங்குவதுதான் முறை என்பதால் நிகழ்ச்சி நன்றியுரையோடு தொடங்கியது. பிறகு குழுப் புகைப்படம். பிறகு, பயிற்சியைச் சிறப்பாக முடித்தமைக்கான சான்றிதழ். அதைக் கையில் வாங்கியதும் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பின்னோக்கு சார் காலி நாற்காலிகளைப் பெருமையோடு பார்த்தார்.

"கவனிச்சீங்களா? விளைவு முதல்லயே கைக்கு வந்துட்டா மனுஷன் எவ்வளவு இலகுவா ஆயிடறான்" என்றார்.

பிறகு உரை. "இத்தனை காலமா நாம என்ன செஞ்சோம்? பாடத்தை நடத்தினோம். குழந்தை படிக்குதா இல்லையான்னு கடைசியில போய்ப் பாத்தோம். எவ்வளவு ஆபத்து யோசிங்க. கடைசியில பாத்தா உண்மை தெரிஞ்சு போயிடும். அப்புறம் திருத்த நேரமும் இருக்காது. அதனால இனிமே முதல் வாரமே முடிவை எழுதிடறோம். முடிவு நல்லா இருந்துட்டா நடுவுல என்ன நடந்தா யாருக்கு என்ன?"

மூன்றாம் வகுப்பு நடத்தும் அக்கா கை தூக்கினாள். அந்தப் பள்ளியிலேயே தலை நரைத்தவள். எதற்கும் ஆச்சரியப்படுவதை எப்போதோ விட்டவள். "சார், உங்க பொண்ணுக்கும் இப்படித்தான் சொல்லித் தர்றாங்களா?"

"இல்லைங்க. அவ பெரிய ஸ்கூல்ல படிக்கறா. அங்க இன்னும் பழைய மாதிரி அ, ஆ-ன்னு ஆரம்பிச்சுத்தான் சொல்லித் தர்றாங்க. பாவம், இந்த மாதிரி வசதியெல்லாம் அங்க கிடையாது" என்றார் பின்னோக்கு சார். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

அடுத்து எல்லோரும் தங்கள் வகுப்புக்கான பாடக் குறிப்பைப் பின்னிருந்து தயாரிக்க வேண்டும். டீச்சர் முந்தின நாள் வாசலில் போட்ட கணக்கையே நான்கு வரியில் எழுதிக் கொடுத்தாள். பின்னோக்கு சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எங்கேருந்து எடுத்தீங்க?"

"யோசிச்சு எழுதினேன் சார்."

"யோசிச்சா? சொந்தமாவா?" அவர் குரல் சற்று உயர்ந்தது. "அம்புக்குறி எங்க?"

அம்புக்குறி இல்லைதான். மற்றவர்கள் தாள்களில் பாடத்தைவிட அம்புக்குறி அதிகமாக இருந்தது. மூன்றாம் வகுப்பு அக்காவின் தாளில் அம்புக்குறி மட்டுமே இருந்தது. அதற்கு முதல் பரிசு கிடைத்தது. டீச்சர் தன் தாளை வாங்கி மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டே நாளில் வருடம் முழுவதற்குமான பாட அட்டவணை அச்சாகி வந்தது. அலுவலகத்தில் குழு அமைத்து உழைத்திருந்தார்கள். முதலில் வருடத்தின் கடைசி வாரத்துக்குத் திட்டமிட்டு, அப்படியே ஒவ்வொரு வாரமாகப் பின்னால் வந்து, இறுதியாக முதல் வாரத்தை அடைந்திருந்தார்கள். அதுவரை ஒரு குறையும் சொல்வதற்கில்லை. எழுதிய வரிசையிலேயே அதை அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான்.

அட்டவணைப்படி, வருடத்தின் முதல் பாடம் படித்த கதையை விமர்சித்தல். அதற்கடுத்துக் கதையைச் சரளமாக வாசித்தல். வருடத்தின் நடுவில் வாக்கியம். அதற்கும் பிறகு சொல். கடைசி வாரத்தில் அ, ஆ அறிமுகம்.

டீச்சர் அட்டவணையை எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரிடம் ஓடினாள். "சார், இது தலைகீழா இருக்கு. திட்டம்தான் பின்னாலேருந்து போடணும். நடத்தறது முன்னாலேருந்துதானே?"

ஹெட்மாஸ்டர் நல்லவர். யாரிடமிருந்து எந்தத் தாள் வந்தாலும் முதலில் எழுந்து நின்று, பிறகுதான் படிப்பார். "அலுவலகத்துலேருந்து வந்ததுல தப்பு இருக்காதும்மா. நாமதான் தப்பாப் பிடிச்சிருப்போம்" என்று அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அப்போதும் சரியாக வராததால் போன் செய்தார்.

பின்னோக்கு சார் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். போனில் தாள்கள் புரள்வது கேட்டது. யாரோ யாரையோ மெல்லிய குரலில் திட்டுவது கேட்டது. பிறகு அவர் திரும்பி வந்து, "வேணும்னுதான் அப்படிப் போட்டிருக்கோம்" என்றார்.

"அதானே பாத்தேன்" என்று ஹெட்மாஸ்டர் போனை வைத்தார்.

"எதுக்குடி போய்க் கேட்ட? கேக்காம இருந்திருந்தா அது அச்சுப் பிழை. கேட்டதால கொள்கை ஆயிடுச்சு" என்றாள் மூன்றாம் வகுப்பு அக்கா.

முதல் பாடத்தைப் பார்வையிடப் பின்னோக்கு சாரே வந்தார். கதையை வாசிப்பது அடுத்த பாடம் என்பதால், எந்தக் கதையும் வாசிக்காமல் பிள்ளைகள் விமர்சனம் சொல்ல வேண்டியிருந்தது. வகுப்பு திருதிருவென்று விழித்தது. பின்வரிசையில் ஒருவன் அழத் தயாரானான்.

"கதை எப்படி இருந்தது? யாராவது சொல்லுங்க பாக்கலாம்."

முந்திரிக்கொட்டைக்கு இப்படிப்பட்ட சமயத்தில் வாயைக் கட்டத் தெரியாது. எழுந்து நின்று, "முடிவு சரியில்ல சார்" என்றாள்.

பின்னோக்கு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "முடிவு! பாருங்க ஹெட்மாஸ்டர், எடுத்த எடுப்புலயே முடிவைப் பிடிக்கறா. வேற என்னம்மா சரியில்ல?"

"ஆரம்பமும் சரியில்ல சார்."

அன்றே அவளுடைய வருட முடிவு எழுதப்பட்டது. சரளமான வாசகர், விமர்சன நோக்கு உடையவர். மற்றப் பிள்ளைகளுக்கு வெறும் சரளமான வாசகர். அடியில் டீச்சர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

"சார், இவளுக்கு இன்னும் எழுத்தே..." என்று தொடங்கினாள் டீச்சர்.

"எழுத்து கடைசி வாரம்" என்றார் பின்னோக்கு சார், குரலை உயர்த்தி.

டீச்சர் கையெழுத்துப் போட்டாள்.

ஆனாலும் வாசலில் கொடுத்த வாக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மதிய இடைவேளையில், கை கழுவும் குழாய்க்குப் பின்னால் முந்திரிக்கொட்டையை உட்கார வைத்துத் தரையில் ஈர விரலால் எழுதிக் காட்டினாள். யாராவது வந்தால் காலால் தேய்த்துவிடலாம். வராவிட்டால் வெயிலே துடைத்துவிடும். சும்மா சொல்லக்கூடாது, பெண் கற்பூரம் மாதிரி பற்றிக்கொண்டாள். ஒரே ஒரு தொல்லை. தெரியாத எழுத்து வந்தால் நிற்க மாட்டாள். தானாக ஒரு சொல்லைச் செய்து போட்டுக்கொண்டு போய்விடுவாள்.

"அங்க என்ன இருக்கோ அதைப் படிடி."

"இதைவிட நான் சொன்னது நல்லா இருக்கு டீச்சர்."

"நல்லா இருக்கறது இருக்கட்டும். இருக்கறதைப் படி."

கொஞ்சம் கொஞ்சமாக அவள் நிற்கக் கற்றுக்கொண்டாள். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் குழாய்ப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். கூட்டம் பெருகியதும் டீச்சர் மறைப்பதை விட்டு, வகுப்பறைக் கரும்பலகையிலேயே எழுதத் தொடங்கினாள். வருடத்தின் நடுப்பகுதி. வாக்கியங்கள் நடக்க வேண்டிய காலம். அப்போதுதான் பின்னோக்கு சார் முன்னறிவிப்பில்லாமல் உள்ளே வந்தார்.

கரும்பலகையில் 'படம்' என்று இருந்தது. பிள்ளைகள் ப, ட, ம் என்று கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கரும்பலகையையும் டீச்சரையும், பாம்பைப் பார்ப்பது போல மாறி மாறிப் பார்த்தார்.

"எழுத்தா நடத்தறீங்க? அதுவும் குழந்தைங்க முன்னாலயே?"

முன்னோக்கிக் கற்பித்தல் என்ற குற்றத்துக்காக டீச்சருக்கு மெமோ வந்தது. விசாரணை அலுவலகத்தில் நடந்தது. அங்கேயும் அதே முறைதான். உள்ளே போனதும் தீர்ப்பைப் படித்தார்கள். தீர்ப்பு முடிந்ததும் டீச்சருடைய விளக்கத்தைக் கேட்டார்கள். குற்றம் நடந்ததா என்பதைக் கடைசியில் கண்டுபிடிப்பதாக இருந்தார்கள். அதற்குள் அலுவலக நேரம் முடிந்துவிட்டது.

"உங்க மேல எனக்குக் கோபமில்லைங்க" என்றார் பின்னோக்கு சார், பையை எடுத்துக்கொண்டே. "நீங்க நல்லாவே சொல்லித் தர்றீங்க. பிள்ளைங்களும் கத்துக்கறாங்க. அதுதான் பிரச்சினையே. இந்த வருஷம் கத்துக்கிட்டாங்கன்னு வெச்சுக்குங்க, இதுக்கு முன்னாடி தெரியலன்னு ஆகுதா இல்லையா? முதல் வாரமே தெரியும்னு எழுதியிருக்கோம். நீங்க ஒவ்வொரு எழுத்தாச் சொல்லித்தரச் சொல்லித்தர நாங்க ஒவ்வொரு படியாப் பொய்யனாயிட்டு வர்றோம்."

டீச்சரை டெபுடேஷனில் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவளுக்கு வண்ணத் தாளில் அம்புக்குறி வெட்டும் வேலை. அவளுடைய வகுப்பை மூன்றாம் வகுப்போடு சேர்த்து உட்கார வைத்தார்கள்.

"என் பசங்க மேலேருந்து இறங்கி வந்துட்டிருக்காங்க, உன் பசங்க கீழேருந்து ஏறப் பாக்கறாங்க. நடுவுல நான் யாருக்கும் இடிக்காம ஒதுங்கி நிக்கறேன்" என்றாள் மூன்றாம் வகுப்பு அக்கா, ஒரு நாள் பஸ்ஸில் பார்த்தபோது.

"முந்திரிக்கொட்டை படிக்கறாளா அக்கா?"

"தினமும் உன்னைக் கேக்கறா. என்னால முடிஞ்சது, அவளைச் சும்மா இருன்னு சொல்லாம இருக்கறதுதான்."

கடைசி வாரம் வந்தது. அ, ஆ அறிமுக விழாவுக்காகப் பள்ளியை அம்புக்குறிகளால் அலங்கரிக்க டீச்சரை அனுப்பினார்கள். நாற்காலி மேல் ஏறி அவள் கடைசி அம்புக்குறியை ஒட்டிக்கொண்டிருந்தபோது முந்திரிக்கொட்டையின் அப்பா வந்தார். வேன் ஓட்டுபவர், சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். பின்னால் அந்தத் தாய், மகளின் தோளைப் பிடித்தபடி. தாய் டீச்சரை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

"வருஷம் முடியுதுங்க" என்றார் அப்பா, மேடையிலிருந்த ஹெட்மாஸ்டரிடமும் பின்னோக்கு சாரிடமும். "ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். வேற ஒண்ணுமில்ல."

மேசையில் கிடந்த பாடப் புத்தகம் ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்து மகளிடம் நீட்டினார். "படிம்மா. மெதுவாவே படி. எனக்கு அவசரமில்ல."

அவள் விரல் வைத்தாள். முதல் சொல்லைக் கூட்டினாள். சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் நின்றாள். அவளுக்குத் தெரியாத எழுத்து. பழைய முந்திரிக்கொட்டையாக இருந்தால் பக்கம் முழுவதையும் தானாகவே செய்து ஒப்பித்துவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்பாள். இவள் நின்றாள். அந்த எழுத்தையே பார்த்தாள். டீச்சருக்கு நாற்காலி மேலிருந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. அப்பாவும் காத்திருந்தார், அவர் முகத்தில் கோபம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கும் முகமாகத்தான் இருந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று பின்னோக்கு சார் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "இந்த வாரம் வாசிப்பு கிடையாது. எழுத்து அறிமுகம். எழுத்தே அறிமுகம் ஆகாத குழந்தையைப் படின்னு சொல்றது எவ்வளவு பெரிய கொடுமை தெரியுமா?"

"எழுத்தே தெரியாதா? அப்ப வருஷம் முழுக்க என்ன சார் நடந்துச்சு?"

"வாசிப்பு நடந்தது. உங்க பொண்ணு சாதாரண ஆளில்லைங்க. சரளமான வாசகர். விமர்சன நோக்கு உடையவர். எங்க அறிக்கையில அவளுக்குன்னு ஒரு தனிப் பத்தியே இருக்கு. முதல் வாரத்துலயே படிச்சு முடிச்சிட்டா."

"முடிச்சிட்டாளா?"

"முடிச்சிட்டா."

அப்பா யோசித்தார். "அப்ப இனிமே இங்க அவளுக்குச் சொல்லித்தர..."

"ஒண்ணுமே பாக்கியில்லைங்க" என்றார் பின்னோக்கு சார். வருடம் முழுவதும் இப்படி ஒருவர் கேட்கக் காத்திருந்தது போல அவர் முகம் மலர்ந்தது. "அ, ஆ மட்டும்தான். அது நாளைக்கு முடிஞ்சிடும்."

டீச்சர் நாற்காலியிலிருந்து இறங்கினாள். "அவ இன்னும் முடிக்கலைங்க. பாதி வந்திருக்கா. என்னை வகுப்புல விட்டிருந்தா இந்நேரம் படிச்சிருப்பா. இன்னும் கொஞ்ச மாசம் குடுங்க, நான் உங்க வீட்டுக்கே வந்துகூடச் சொல்லித் தர்றேன்." வாழ்க்கையில் அவள் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"யோசிச்சுப் பேசுங்க டீச்சர்" என்றார் பின்னோக்கு சார். "முடிக்கலன்னு நீங்க சொன்னா, முடிச்சதாக் கையெழுத்துப் போட்டது யாரு?"

ஹெட்மாஸ்டர் கெஞ்சும் குரலில், "ஒரே வார்த்தையில சொல்லிடும்மா. படிச்சிட்டாளா, இல்லையா?" என்றார்.

படித்துவிட்டாள் என்றால் பள்ளிக்கூடம் முடிந்தது. இல்லை என்றால் அப்பா கொடுத்த கெடு முடிந்தது. டீச்சருக்கு வாய் வரை வந்த வார்த்தை, எந்த வார்த்தையாக இருந்தாலும், அதே வீட்டில்தான் கொண்டுபோய் விடும் என்று தெரிந்தது. அத்தையின் கைக்குழந்தை அழுதுகொண்டிருக்கும் வீடு.

"நான் ஒரு வருஷம்தான் சொன்னேங்க" என்றார் அப்பா. "படிச்சிட்டான்னு சார் சொல்றாரு, இல்லைன்னு நீங்க சொல்றீங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். உங்க மேல குத்தம் சொல்லலை." மனைவியிடம் திரும்பி, "வண்டியை எடுக்கறேன். எங்க அக்காவுக்குச் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

"எவ்வளவு புரிதலுள்ள பெற்றோர்" என்றார் பின்னோக்கு சார். அறிக்கையில் சேர்க்கச் சொல்லி ஹெட்மாஸ்டரிடம் குறிப்புக் கொடுத்தார்.

தாய் மேசை மேலிருந்த புத்தகத்தை மூடி ஓரமாக நகர்த்தி வைத்தாள். மகளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். டீச்சர் அவள் எதிரில் போய் நின்றாள். திட்டுவாள், அழுவாள், குறைந்தபட்சம் ஏன் டீச்சர் என்றாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாய் அவளைப் பார்க்கவே இல்லை. மகளின் கையைப் பிடித்தாள்.

வாசலுக்கு மேல் விழாப் பதாகை தொங்கியது. அதைப் பார்த்ததும் பெண் நின்றுவிட்டாள். தலையை நிமிர்த்தி, "வ... ரு... க" என்று கூட்டத் தொடங்கினாள். தாய் கையை இழுத்தாள். அவள் கழுத்தைத் திருப்பிக்கொண்டே அடுத்த சொல்லைத் தேடினாள். தாய் இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.